இருட்டு முன்னறைக்கு நான் தெரிந்தெடுத்த பவளங்கள்

தம்பி,

நான் கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனையில் படுத்திருந்த நாட்களில், உன்னுடைய வெள்ளவத்தை வீட்டு முன்னறையில் நான் வைத்து வளர்த்த கடல்நீர்த் தொட்டியை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன் மாமாவின் கையில் கொடுத்தாய். உன் மனைவி சிந்துஜாவின் அப்பாவான அவர் அதன் மேல் பெரிய நீல விளக்கு ஒன்றைப் பூட்டினார். நீ பார்த்துக்கொண்டு நின்றாய். இருட்டுக்கென்று நான் தேடித் தெரிந்தெடுத்த பவளங்கள் இப்போது அந்த வெளிச்சத்தில் வெந்துகொண்டிருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவற்றை யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, வெளிச்சம் கேட்கும் கிளைப் பவளங்களை வைக்கப் போகிறீர்கள் என்று சிந்துஜா உன் அம்மாவுக்கு ரெலிபோனில் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. இதுதான் நடந்த பிழை. இதற்கு இதைவிட மெதுவான சொல் தேட நான் தயாரில்லை.

மாமாவிடமே நேரில் கேட்டிருக்கலாமே என்பாய். சம்பந்தியோடு முகத்துக்கு முகம் முரண்படக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். பெண் எடுத்த வீட்டில் தேத்தண்ணியில் சீனி கூடிப்போனாலும் நல்லாயிருக்கு என்று குடித்துவிட்டு எழும்பவேண்டும். உன் கலியாணத்திலிருந்து நான் அப்படித்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே அவரிடம் எனக்குள்ள கோபமும் உன் வழியாகத்தான் போகவேண்டும். இதை மூடிய கடிதமாக எழுதாததற்கும் காரணம் உண்டு. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் ஒரு மாடி எழும்ப, பக்கத்து வீட்டின் வெளிச்சம் போகிறது. அப்படி இருண்டுபோன வீடுகளில் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பிழைவிட்டுப் பிழைவிட்டுப் படித்தது அவர்களுக்காவது உதவட்டும். உன் மாமாவும் படிப்பார். படிக்கட்டும். அது முகத்துக்கு முகம் ஆகாது.

உன் முன்னறை எப்படி இருண்டது என்று உனக்குத் தெரிந்திருக்காது. நீ காலையில் போய் இரவில் வருகிறவன். நீங்கள் குடிபோனபோது மேற்குப் பக்கம் வெறும் வளவு. பின்னேர வெயில் கடல் பக்கமிருந்து உன் சோபா வரைக்கும் வந்தது. பிறகு அந்த வளவில் கட்டடம் எழும்பியது. கடைசியில் பகலிலும் லைற் போட்டால்தான் பேப்பர் படிக்கலாம் என்றாகிவிட்டது. சிந்துஜா சுவருக்கு மஞ்சள் நிறம் பூசினாள், பெரிய கண்ணாடி மாட்டினாள், ஒன்றும் சரிவரவில்லை. நான்தான் சொன்னேன், இந்த இருட்டில் என்ன வாழும் என்று பார்ப்போம் என்று. படம் எடுக்கிற என் ஸ்ரூடியோவை மூடிவிட்டு நான் சும்மா இருந்த காலம் அது. வெளிச்சத்தை அளந்து சோறு தின்றவன் நான். பற்றரி வேண்டாத என் லைற் மீற்றரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் ஏறி வந்து, உன் முன்னறையின் ஒவ்வொரு சுவரிலும் காலையிலும் மதியத்திலும் பின்னேரத்திலும் பிடித்துப் பார்த்தேன். வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மீற்றர் ஊசி நாள் முழுவதும் ஒரே இடத்தில் அமைதியாக நின்றது. தொட்டி இங்கேதான், மேலே ஒரு சின்ன விளக்குப் போதும் என்றேன். நீ "சரியப்பா" என்றாய். அதற்குப் பிறகு வேறெதற்கும் நீ என்னிடம் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

முதற் பவளத்தை நான் பிழையாகத்தான் வாங்கினேன். மருதானையில் தொட்டிச் சாமான் விற்கும் கடையில், ஊதா நுனி வைத்த கிளைப் பவளத் துண்டு ஒன்று பூச்செடி போல் நின்றது. கடைக்காரர் தொட்டி வைத்த முன்னறை எப்படியென்று கேட்டார். சொன்னேன். "லயிற் அடுநம் மேக்க ஹரியன்னே நே, அங்கிள்" என்றார் சிங்களத்தில். வெளிச்சம் குறைவென்றால் இது சரிவராது என்று விற்கிறவனே சொல்கிறான், நான் கேட்கவில்லை. அழகாக இருந்தது, வாங்கினேன். கொஞ்ச நாளில் அது கபில நிறமாகித் தோல் உரிந்து வெறும் எலும்பாய் நின்றது. அதோடு எனக்குப் புத்தி வந்தது. முதலில் அறையை அள, பிறகு பவளத்தைப் பார். பிடித்த பவளத்தை வாங்கிவிட்டு அதற்கேற்ற வெளிச்சத்தைத் தேடி அலைகிறவன், அளவு தெரியாமல் சப்பாத்து வாங்கிவிட்டுக் காலை வெட்டுகிறவன்.

அடுத்த முறை போனபோது குறைந்த வெளிச்சத்தில் வாழ்கிறவற்றை மட்டும் காட்டச் சொன்னேன். காளான் பவளம்தான் முதலில் வந்தது. தட்டையாக, விரிந்த காளான் போல் பாறையில் ஒட்டிக்கொண்டு இருக்கும். இருட்டு முன்னறைக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. கையில் அனுபவம் இல்லாதவனையும் அது மன்னிக்கும். பிறகு தோல் பவளம். அது இடைக்கிடை கை மூடியது போல் சுருங்கி, மேலே மெழுகு பிடித்தாற்போல் சில நாள் இருக்கும். செத்துப்போயிற்று என்று தூக்கி எறியாதே. பழைய தோலைக் கழற்றிவிட்டு மறுபடி விரியும். அதற்குப் பிறகு சுத்தியல் பவளம். நுனி ஒவ்வொன்றும் சின்னச் சுத்தியல் போல் வளைந்து நீரோட்டத்தில் ஆடும். அதற்குக் கொஞ்சம் வெளிச்சம் கூட வேண்டும், ஆகவே நடுப்பாறையில் வைத்தேன். பக்கத்தில் வருவதை அது கொட்டும்; சுற்றிவர இடம் விட்டேன். எல்லாம் தொட்டியில் வளர்த்தவர்கள் வெட்டிக் கொடுத்த துண்டுகள். கடலில் உடைத்த பவளம் ஒன்றும் என் கையால் உன் வீட்டுக்குள் வந்ததில்லை. சட்டமும் விடாது, நானும் விடமாட்டேன்.

கடைசியாக வந்தது சூரியப் பவளம். பெயரைக் கேட்டு யாரும் ஏமாறவேண்டாம், அதற்கு வெயிலே தேவையில்லை. மற்றப் பவளங்களின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி இருந்து, வெளிச்சத்தில் சமைத்து அவற்றுக்குப் போடுகிறது. சூரியப் பவளத்துக்கு அந்தச் சமையற்காரன் இல்லை. பாறை இடுக்கில் நிழலில் இருந்துகொண்டு, செம்மஞ்சள் வாய்களைத் திறந்து கேட்கும். ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாக, பிள்ளைக்கு மருந்து விடுகிற குழாயால், அரைத்த இறால் ஊட்டவேண்டும். முதலில் இறால் கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும். மணம் பிடித்து மெதுவாகத் திறக்கும். செவ்வாயும் சனியும் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து நான் ஊட்டினேன். பாதி வாய்தான் திறக்கும். மீதிப் பாதி என்னைப் பார்த்துக்கொண்டு மூடியபடி இருக்கும். அது அதன் குணம் என்று நினைத்தேன்.

உன் மாமாவின் வெளிச்சத்தை நான் முதன்முதலில் பார்த்தது தொட்டியில் இல்லை, உன் கலியாணத்தில். வீடியோக்காரரை அவர்தான் பிடித்தார். நான் ஒரு படப்பிடிப்பாளன், மாப்பிள்ளையின் அப்பா, அந்த மண்டபத்தில் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் விளக்கை முகத்துக்கு நேரே பிடித்தார்கள். விளக்கைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லு என்று உன் காதுக்குள் சொன்னேன். நீ "மாமா ஏற்பாடு செய்தது, விடுங்கோப்பா" என்றாய். இப்போது கலியாண அல்பத்தை எடுத்துப் பார். தாலி கட்டுகிற படத்தில் உன் நெற்றியில் திருநீறு எது, தோல் எது என்று தெரியவில்லை. சிந்துஜாவின் கூறைச் சேலைக்கரை வெந்து வெள்ளையாகக் கிடக்கிறது. எல்லோரும் பளிச்சென்று இருக்கிறது என்றார்கள். நான் நல்லாயிருக்கு என்று குடித்த முதல் தேத்தண்ணி அதுதான்.

கண் ஒப்பரேஷன் முடிந்து, சொட்டு மருந்து நாட்களும் முடிந்து, நான் உன் வீட்டுக்கு வந்தபோது கதவுக்கு வெளியிலேயே நீலம் கசிந்தது. முன்னறைக்குள் வந்தால் நான் வைத்த சின்ன விளக்கைக் காணவில்லை. தொட்டி முழுவதும் மின்சாரம் பாய்ந்தது போல் நின்றது. உன் மாமா எழுந்து வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அவர் அப்படித்தான், என் மகனின் வீட்டுக்குள் என்னை வரவேற்பார்.

"எப்பிடி அண்ணை, இப்ப கடல் மாதிரி இல்லையோ?" என்று கேட்டார்.

நான் உன்னைப் பார்த்து, வெளிச்சம் கூடிப்போயிற்று, நீலம் கண்ணைக் குத்துகிறது என்றேன். நீ சிரித்தாய். "அப்பா, உங்கட கண் புதுசு. அதுதான் எல்லாம் நீலமாத் தெரியுது. டொக்டர் சொன்னவர்தானே?"

டொக்டர் சொன்னது உண்மைதான். இத்தனை வருடமாகப் புரைக்கு ஊடாக மஞ்சளாய்ப் பார்த்த உலகம் கொஞ்ச நாளைக்கு நீலமாகத் தெரியும் என்றார். நான் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உன் சமையலறைக்குப் போனேன். பால்பானையைத் திறந்து பார்த்தேன். பால் நீலமாக இருந்தது. என் வேட்டியைப் பார்த்தேன், அதிலும் நீலம். என்னையே எனக்கு நம்பமுடியவில்லை, தம்பி. வெளிச்சத்தில் வாழ்ந்தவன் தன் கண்ணை நம்பமுடியாமல் பால்பானைக்கு முன்னால் நிற்பது எப்படியிருக்கும் என்று நீ யோசித்திருக்கமாட்டாய். திரும்பி வந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனேன். சீனி கூடித்தான் இருந்தது.

வீட்டுக்குப் போய் மேசை லாச்சியைத் திறந்து மீற்றரை எடுத்துத் துடைத்து வைத்தேன். மனிதன் கண்ணில் புரை வரும், போகும். ஊசிக்குப் புரையில்லை. அடுத்த சனிக்கிழமை வந்து, எல்லோரும் பார்க்க அதைக் கண்ணாடிக்கு மேல் பிடித்தேன். நாலு வருடம் ஒரே இடத்தில் அமைதியாக நின்ற ஊசி, கடைசிக் கோட்டில் போய் இடித்துக்கொண்டு நின்றது. கையை எடுத்து மறுபடி பிடித்தேன். மறுபடி இடித்தது. உன் மாமா குனிந்து பார்த்தார். சொன்னது நீதான்.

"அந்த மீற்றருக்கும் உங்கட வயசு அப்பா. விடுங்கோ."

சிந்துஜா சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். நான் மீற்றரைப் பையில் போட்டுக்கொண்டு தொட்டிக்குள் பார்த்தேன். ஊசியை நம்பாவிட்டால் பவளத்தை நம்பு. நடுப்பாறையில் இருந்த சுத்தியல் பவளம் உள்ளே இழுத்துக்கொண்டு, எலும்பின் விளிம்பு வெளியே தெரிந்தது. கரும்பச்சையாக இருந்த நுனிகள் இளம் பச்சையாகி, இடைக்கிடை பால் நிறமாகி மின்னின. அதைத்தான் நீங்கள் அழகு என்று படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினீர்கள். வெளிறுவதை மினுக்கம் என்று நினைத்தீர்கள். அந்தப் பாசிச் சமையற்காரன் அளவுக்கு மிஞ்சிய வெளிச்சத்தில் வீட்டைவிட்டு ஓடுகிறான், அதுதான் அந்த நிறம். கபிலமும் கரும்பச்சையும் சிந்துஜாவின் கண்ணுக்கு ஊத்தையாகத் தெரியலாம். பவளத்துக்கு அது வயிறு நிறைந்த நிறம்.

காளான் பவளங்களைத் தேடினேன். பாறையின் முகப்பில் அவை இல்லை. மெதுமெதுவாக நகர்ந்து, பாறைக்குப் பின்னால் நிழல் விழுகிற பக்கம் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. கால் இல்லாதது, கண் இல்லாதது, அதுவே வெளிச்சம் தாங்காமல் இடம் பெயர்ந்திருக்கிறது. அந்த வீட்டில் என் பக்கம் நின்றவை அவை மட்டுந்தான்.

இதையெல்லாம் கொட்டாஞ்சேனைக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "அந்த மனிசன் உங்களுக்கு உதவிதானே செய்தவர். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கேக்க தண்ணி மாத்தினது ஆர்? பவளத்துக்குப் பொறாமைப்படுற ஆளை நான் இப்பதான் பாக்கிறன்" என்றாள்.

பொறாமைதான். மறுக்கவில்லை. தெஹிவளை உன் வீட்டிலிருந்து ஒரு ஸ்ரேஷன் தூரம். அவர் பின்னேரம் ரெயின் ஏறினால் தேத்தண்ணி ஆறுவதற்குள் வந்துவிடுவார். நான் கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு வந்து, அங்கே பஸ் மாறி, காலி வீதி நெரிசலில் நின்றுகொண்டு வரவேண்டும். நீ அவரோடு கதைக்கும்போது ரீவியை நிறுத்துகிறாய். என்னோடு கதைக்கும்போது சத்தத்தை மட்டும் குறைக்கிறாய். அவர் சொன்ன விளக்கை நீ அன்றைக்கே பூட்ட விட்டாய். நுளம்பு கடிக்கிறது என்று நான் போடச் சொன்ன வலைக்கதவு இன்னும் பூட்டப்படவில்லை. இதையெல்லாம் கணக்கில் எடுக்காதே என்பாள் அம்மா. நான் எடுக்கிறேன். ஆனால் ஒன்று: என்னுடைய பொறாமை ஊசியைத் தள்ளவில்லை. நான் பொறாமைக்காரன் என்பதால் அந்தச் சுத்தியல் பவளம் வெளிறாமல் இருக்கப்போவதில்லை. இரண்டும் உண்மை. என்னைப் பிடிக்காவிட்டாலும் அதைக் காப்பாற்று.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தச் சனிக்கிழமை நான் பார்த்த இன்னொன்று இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் உன் மாமா இதைப் படிக்கும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

வெளிச்சம் மங்குகிற நேரம், நான் புறப்பட எழுந்தேன். உன் மாமா சமையலறையிலிருந்து ஒரு ஸ்ரூலையும் கோப்பையில் அரைத்த இறாலையும் கொண்டுவந்தார். தொட்டிக்கு முன்னால் ஸ்ரூலைப் போட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு அதில் இருந்தார். குழாயைத் தண்ணீருக்குள் விடுவதற்கு முன்பே, அவருடைய நிழல் கண்ணாடியில் விழுந்ததுமே, பாறை இடுக்குக்குள் சூரியப் பவளம் திறந்துவிட்டது. பாதி வாய் இல்லை, எல்லா வாயும். அவர் ஒன்றொன்றாக ஊட்டினார். ஒரு வாய் இறாலைக் கைவிட்டால் பொறுமையாக எடுத்து மறுபடி கொடுத்தார். நான் படுத்திருந்த காலத்தில் ஒரு பின்னேரம்கூட விடவில்லை என்று சிந்துஜா சொன்னாள். மழை கொட்டி ரெயின் பிந்திய நாளிலும் வந்து, நனைந்த சட்டையோடு இருந்து ஊட்டினாராம். நான் கிட்டப்போய்க் குனிந்தேன். பவளத்தின் அடியில் கடுகளவில் புதிதாக மொட்டுகள். குட்டி போட்டிருந்தது. என் கையில் இருந்த காலமெல்லாம் அது ஒரு மொட்டும் விடவில்லை.

"அண்ணை, நீங்கள் வைச்ச இடம் நல்ல இடம். அதுதான் இப்பிடிப் பிடிச்சிருக்கு" என்றார் உன் மாமா, திரும்பாமலே.

அவர் மரியாதைக்குச் சொன்னார். இடம் நல்ல இடம்தான். ஆனால் அந்தப் பவளத்துக்கு இடம் போதாது, ஒவ்வொரு நாளும் ஒரு ஆள் வரவேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வருகிறவனுக்குப் பாதி வாய்தான் திறக்கும். அது அதன் குணமென்று நான் நினைத்திருந்தேன். அன்று தேத்தண்ணி குடிக்காமல் போனேன். நீ அதைக் கோபம் என்று நினைத்தாய். போய் பஸ்ஸில் இருந்தபோது எனக்கு அந்தக் கடுகு மொட்டுகள்தான் கண்ணுக்குள் நின்றன. புதுக் கண் என்பதால் எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது, வேண்டாததும்.

இனி நடக்கவேண்டியதைச் சொல்கிறேன். இதில் விவாதம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பவளங்களை எடுக்க வருகிற ஆளை வரவேண்டாம் என்று சொல்லவேண்டியவன் நீ. இதைப் படித்து முடித்த கையோடு சொல்.

நீல விளக்கைக் கழற்றவேண்டாம், அது சம்பந்தி வீட்டுப் பரிசு. ஆனால் அதன் வெளிச்சத்தை ஆகக் குறைத்து, கூரைப் பக்கமாக உயர்த்தி, அடியில் நுளம்பு வலைத் துணி இரண்டு மடிப்புக் கட்டவேண்டும். கட்டவேண்டியவன் நீ. அந்த வலைக்கதவுக்கு வாங்கிய துணி அலுமாரிக்கு மேல் இன்னும் கிடக்கிறது.

சுத்தியல் பவளத்தை நடுப்பாறையிலிருந்து கீழே, மணலுக்குப் பக்கத்தில் நிழலில் இறக்கவேண்டும். அதை நான் செய்வேன். நான் வரும்வரை தண்ணீருக்குள் வேறு எவரும் கை வைக்கவேண்டாம், உன் கையும்கூட. அது பிழைக்குமோ தெரியாது. பிழைத்தால் மறுபடி கரும்பச்சையாகும். அப்போது படம் எடுத்து அனுப்பவேண்டியவள் சிந்துஜா.

காளான் பவளங்களை யாரும் முன்பக்கம் கொண்டுவரக்கூடாது. எங்கே இருக்கவேண்டும் என்று அவை தீர்மானித்துவிட்டன.

கிளைப் பவளம் அந்த முன்னறைக்குள் வரக்கூடாது. கடைக்குப் போகிறவர் யாரானாலும் மீற்றரை என்னிடம் வாங்கிக்கொண்டு போகவேண்டும்.

தண்ணீர் மாற்றுவது சனிக்கிழமைகளில், நான். உப்பு வாங்கி வைக்கவேண்டியவன் நீ.

சூரியப் பவளத்துக்கு ஒவ்வொரு பின்னேரமும் ஊட்டவேண்டியவர் உன் மாமா. இதை எழுதுவது எனக்கு விருப்பமில்லை. எழுதியிருக்கிறேன். இறாலை அம்மா கழுவி அரைத்துச் சனிக்கிழமைகளில் என்னிடம் தந்துவிடுவாள். குளிர்ப்பெட்டியில் இடம் விடவேண்டியவள் சிந்துஜா.

சனிக்கிழமைகளில் அவர் ஊட்டும்போது நான் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். உன் வீட்டில் ஸ்ரூல் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டாவது ஸ்ரூல் வாங்கவேண்டியவன் நீ. அது அவருடையதைவிட ஒரு விரற்கடை உயரமாக இருக்கட்டும்.

அப்பா